கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்ற எந்தக் கருவி வாங்கலாம்?

பரணில் கிடக்கும் கல்யாண கேசட், காதுகுத்து கேசட், வளைகாப்பு கேசட்டையெல்லாம் டிஜிட்டலாக மாற்ற எந்தக் கேப்சர் கருவி வாங்கலாம் என்று கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கி நிற்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு யூ.எஸ்.பி. குச்சி ஆன்லைனில் கிடைக்கிறது. விசாரித்தால் ஒருவர் அது வேண்டவே வேண்டாம் என்கிறார், இன்னொருவர் அதுவே போதும் என்கிறார். அதைவிடப் பல மடங்கு விலையில் வேறு கருவிகளும் இருக்கின்றன. முடிவு தள்ளிப்போக, கேசட்டும் பரணிலேயே இருந்துவிடுகிறது.

தள்ளிப்போடுவதற்கு இனி அவகாசம் குறைவு. வி.எச்.எஸ். பிளேயர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் யாரோ ஓட்டிப் பார்த்த பழைய பிளேயர்கள்தான். பெல்ட் இளகியிருக்கும், டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் டேப்பிலும் பூஞ்சை பிடிக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேப்சர் கருவி இந்த வேலையில் கடைசியாக வருவது. கேசட்டிலிருந்து படத்தை எடுப்பது பிளேயர். கருவி அதை எண்களாக மாற்றுகிறது, அவ்வளவுதான். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் நல்ல பிளேயருக்கும் அதைச் சுத்தம் செய்வதற்கும் போகட்டும்.

## கேசட் என்ன வகை?

பெரிய கறுப்பு வி.எச்.எஸ். கேசட் என்றால் கீழே வரும் எல்லா வழிகளும் உங்களுக்குப் பொருந்தும். 1980களிலும் 90களிலும் ஸ்டுடியோக்காரர்கள் கொடுத்த கல்யாண கேசட் அநேகமாக இதுதான்.

ஹேண்டிகேமில் போட்ட சின்ன கேசட் என்றால் அதன் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீடியோ8, ஹை8 இரண்டும் அனலாக். டிஜிட்டல்8, மினிடிவி இரண்டும் டிஜிட்டல். கடைசி இரண்டுக்கும் கேப்சர் கருவியே வேண்டாம். டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. கேமராவின் ஃபயர்வயர் (டிஜிட்டல் வீடியோவைக் கணினிக்கு அனுப்பும் பழைய இணைப்பு) துளை வழியாக அதை அப்படியே நகலெடுக்கலாம். மினிடிவி கேசட்டை மஞ்சள் பின் (பழைய அனலாக் வீடியோ இணைப்பு) வழியாக எடுத்தால், கையில் இருக்கும் தரத்தை நாமே குறைத்துக்கொள்வதாகிவிடும்.

அப்புறம், கேசட் எந்த நாட்டில் பதிவானது என்பதையும் பாருங்கள். நாட்டுக்கு நாடு தொலைக்காட்சிப் பட முறை வேறு: இந்தியா, இலங்கை இரண்டிலும் பிஏஎல். அமெரிக்கா, கனடாவில் என்டிஎஸ்சி. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கொழும்புக் கல்யாணம் ஒரு கேசட்டிலும் டொரன்டோ வரவேற்பு இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம். வளைகுடாவிலிருந்து வந்த மல்டி சிஸ்டம் பிளேயர் இரண்டையும் ஓட்டும். ஆனால் அமெரிக்க கேசட்டைப் போட்டால் பல பிளேயர்கள் பிஏஎல்60 என்ற கலப்பு சிக்னலைத்தான் வெளியே அனுப்புகின்றன. தொலைக்காட்சியில் அது நன்றாகத் தெரியும். சில கேப்சர் கருவிகளில் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது படமே வராது. உங்களிடம் இரண்டு வகையும் இருந்தால் கருவி வாங்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

பெட்டியில் 1080பி, 4கே என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வி.எச்.எஸ். டேப்பில் கிடைமட்டமாக 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம் இருக்கிறது. பிஏஎல் படத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. இதற்கு மேல் எந்தக் கருவி எண்ணைக் கூட்டினாலும் டேப்பில் இல்லாத முகம் தெளிவாகிவிடாது.

உண்மையில் பார்க்க வேண்டியது வேறு.

முதலாவது, ஆடும் சிக்னலைக் கருவி எப்படித் தாங்குகிறது என்பது. டேப் இழுபடும், சுருங்கும். அதனால் ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பழைய டியூப் தொலைக்காட்சி அதைப் பொறுத்துக்கொண்டது. டிஜிட்டல் கருவி பொறுக்காது. வரிகள் நெளியும், படத்தின் உச்சி ஒரு பக்கம் வளைந்து நிற்கும், ஃபிரேம்கள் விடுபடும். இதைச் சரிசெய்யும் மின்சுற்றுக்கு டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டி.பி.சி., என்று பெயர்.

இரண்டாவது, அசைவு. பிஏஎல் நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றும் ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை என இரண்டு பாதிகளாகப் பதிவானது. ஆக நொடிக்கு 50 பாதிப் படங்கள். நல்ல கருவி ஐம்பதையும் அப்படியே கொடுக்கும். மோசமானது பாதியை எறிந்துவிட்டு 288 வரிகளை இழுத்து நீட்டும். ஒரு தடவை போய்விட்டால் அந்தப் பாதியை மென்பொருளால் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூன்றாவது, மூன்று மணி நேர கேசட்டின் கடைசியிலும் ஒலி உதட்டசைவோடு ஒத்துப்போகிறதா என்பது. நான்காவது, உங்கள் கணினியில் அதன் டிரைவர் வேலை செய்யுமா என்பது. கடைசியாக, உங்கள் நேரம். எந்தக் கருவியாக இருந்தாலும் மூன்று மணி நேர கேசட் ஓடி முடிய மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது.

| வழி | செலவு | தரம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| ஈசிகேப் வகைக் குச்சி | மிகக் குறைவு | அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது | டிரைவர் தொல்லை, திரும்ப எடுக்கும் நேரம் |
| பெயருள்ள யூ.எஸ்.பி. கருவி | நடுத்தரம் | நன்று | ஹார்ட் டிஸ்க் |
| எச்.டி.எம்.ஐ. மாற்றி | குறைவு | சுமார் | அசைவு கெடும் |
| ஃபயர்வயர் வழி | நடுத்தரம் முதல் அதிகம் | மிக நன்று | பழைய கணினி, கார்டு |
| கணினி வேண்டாத பெட்டி | நடுத்தரம் | சுமார் | அழுத்தமான சுருக்கம் |
| ஆர்.எஃப். பதிவு | உழைப்பே செலவு | உச்சம் | சாலிடரிங், பல வார வேலை |
| ஸ்டுடியோ | கேசட்டுக்கு இவ்வளவு | ஆளைப் பொறுத்தது | கேள்வி கேட்காவிட்டால் தரம் |

## ஈசிகேப் வகைக் குச்சிகள்

ஈசிகேப் என்பது ஒரு பொருளின் பெயர் போலத் தெரிந்தாலும், உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு கூட்டத்தின் பெயர் அது. வெளி உறை ஒன்றே. உள்ளே சின்டெக், எம்பியா, சோமேஜிக், இன்னும் பெயர் தெரியாத எதுவும் இருக்கலாம். ஒருவருக்கு நன்றாக வந்தது என்பதை நம்பி அதே கடையில் வாங்கினாலும் உங்களுக்கு வேறு சிப் வரலாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இருவர் சொல்வதும் உண்மை.

நல்ல சிப் அமைந்தால், நல்ல பிளேயரோடு சேர்ந்து, பார்க்கும்படியான படம் தரும். சரியில்லாதது அமைந்தால் ஒலியில் இரைச்சல் இருக்கும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே டேப் வெறுமையாக ஓடும் இடத்தில் பதிவு அறுந்துபோகும். வெளிச்சமான பகுதிகள் வெள்ளையாகவே வெந்துவிடும். டிரைவர் ஒரு குட்டி சி.டி.யில் வரும், இன்றைய மடிக்கணினியில் அதைப் போட இடம் இருக்காது.

ஒன்றிரண்டு கேசட், வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்பினால் போதும் என்றால் இதை வாங்குவதில் தப்பில்லை. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்கி, கீழே சொல்லும் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

## பெயருள்ள யூ.எஸ்.பி. கருவிகள்

வி.எச்.எஸ். கேசட் பத்துக்கு மேல் வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஹாப்பாஜ் யூ.எஸ்.பி. லைவ்-2 பிஏஎல், என்டிஎஸ்சி இரண்டையும் எடுக்கும். மஞ்சள் பின்னோடு எஸ்-வீடியோ துளையும் உண்டு. கூடவே வரும் மென்பொருளை ஒதுக்கிவிட்டு வெர்ச்சுவல்டப்2 போன்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். ஐ-ஓ டேட்டாவின் ஜிவி-யூ.எஸ்.பி.2 கருவிக்கும் நல்ல பெயர் இருக்கிறது. அது ஜப்பான் சந்தைக்காகச் செய்தது, ஜப்பான் என்டிஎஸ்சி நாடு. நம் கேசட்டுக்கு வாங்கும் முன் பிஏஎல் பற்றி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்காட்டோ வீடியோ கேப்சர் இவற்றில் பயன்படுத்த மிக எளிது. மேக் வைத்திருப்பவர்களும் கணினியோடு பழக்கம் குறைந்தவர்களும் அதை விரும்புவது நியாயம்தான். ஆனால் அதன் சொந்த மென்பொருள் 640×480 அளவில் சுருக்கிச் சேமிக்கிறது. நம் கேசட்டின் 576 வரிகள் 480 ஆகிவிடுகின்றன. ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிட இது போதும். பேரன் பேத்திக்கு வைத்துப்போகும் மூலப்பிரதிக்குப் போதாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு ஹார்ட் டிஸ்க். தரம் குறையாமல் ஹஃப்ஒய்யூவி, எஃப்எஃப்வி1 மாதிரியான வடிவில் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜி.பி. ஆகும். மூன்று மணி நேர கேசட் இருபது இருந்தால் கிட்டத்தட்ட 2 டி.பி. கருவியின் விலையை விட இது கூடிவிடலாம். இதையும் கணக்கில் சேர்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, இந்தக் கருவிகளிலும் முழுமையான டி.பி.சி. கிடையாது. படம் நெளிந்தால் பிளேயருக்கும் கருவிக்கும் நடுவே ஒன்றை வைக்க வேண்டும். பானாசோனிக்கின் பழைய டி.வி.டி. ரெக்கார்டர்கள், குறிப்பாக டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 மாடல்கள், இதற்குப் பெயர்போனவை. அவற்றில் பதிவுசெய்ய வேண்டியதில்லை. சிக்னல் அவற்றின் வழியாகப் போய் வந்தாலே வளைந்த உச்சி நிமிர்ந்துவிடும். பழைய பொருள் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அல்லது பிளேயரையே டி.பி.சி. உள்ளதாகத் தேடலாம்: பானாசோனிக் என்வி-எஃப்எஸ்200, என்வி-எச்எஸ்950 போன்ற எஸ்-வி.எச்.எஸ். பிளேயர்கள். இவற்றில் எஸ்-வீடியோ துளையும் உண்டு. டேப்பில் நிறமும் வெளிச்சமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் பின் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்பும். எஸ்-வீடியோ பிரித்தே அனுப்பும். பட்டுப்புடவைக் கரையில் ஊரும் புள்ளிகள் அதனால் குறைகின்றன.

## எச்.டி.எம்.ஐ. மாற்றியும் எச்.டி.எம்.ஐ. குச்சியும்

மூன்று பின்னை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் குட்டிப் பெட்டி ஒன்று, எச்.டி.எம்.ஐ.யைக் கணினிக்குக் கொடுக்கும் குச்சி ஒன்று. இரண்டும் மலிவு. டிரைவர் தொல்லை இல்லை, ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளில் உடனே படம் வரும். எளிதாக இருப்பதால் பலர் இதற்குப் போகிறார்கள்.

நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நம் 50 பாதிப் படங்களை 60 ஹெர்ட்ஸாக மாற்றி, அவசரமாக ஒட்டி அனுப்புகின்றன. கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் படம் விக்கி விக்கி நகரும். சதுரத்தை ஒட்டிய 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து, எல்லாரையும் குண்டாக்கிவிடும். அகலத்தைப் பிறகு சரிசெய்யலாம், விக்கலைச் சரிசெய்ய முடியாது.

## ஃபயர்வயர் வழி

வீடியோ8, ஹை8 கேசட் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இங்கே வரலாம். சோனி 1999இல் கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் பல மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டையும் ஓட்டும். ஓட்டும்போதே படத்தை நிலைப்படுத்தி, டிஜிட்டலாக மாற்றி, ஃபயர்வயரில் அனுப்பும். பிளேயர், டி.பி.சி., கேப்சர் கருவி மூன்றும் ஒரே பெட்டியில். எல்லா டிஜிட்டல்8 மாடலும் இதைச் செய்யாது என்பதால், மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, முடிந்தால் உங்கள் கேசட்டையே போட்டு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வி.எச்.எஸ். கேசட்டுக்கு கேனோபஸ் ஏடிவிசி-110 போன்ற மாற்றிகள் உண்டு. ஒலி விலகாமல் இருப்பதில் அவை உறுதியானவை. டி.பி.சி. கிடையாது. மினிடிவியின் அதே வடிவில் வரும் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. அளவில் அடங்கிவிடும். இந்த வடிவம் நிறத்தைக் கெடுக்கும் என்று அமெரிக்கர்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பயப்பட வேண்டாம். என்டிஎஸ்சியில் அது 4:1:1 முறையில் நிறத்தைச் சேமிக்கிறது. நம் பிஏஎல்லில் 4:2:0. வி.எச்.எஸ். டேப்பில் இருக்கும் கொஞ்ச நிறத்துக்கு இது தாராளம்.

சிக்கல் கணினியில்தான். இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இல்லை. மேசைக் கணினி என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போடலாம். ஒரு பக்கம் யூ.எஸ்.பி., மறுபக்கம் ஃபயர்வயர் என்று மலிவாக விற்கும் கேபிளை மட்டும் வாங்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுபவை. வெறும் கம்பியால் இணைத்து எதுவும் வராது. பழைய ஃபயர்வயர் மடிக்கணினி ஒன்று கிடைத்தால் அதுவே சுலபம். லினக்ஸ் போட்டு, ஃபயர்வயர் வீடியோவை நகலெடுக்கும் டிவிகிராப் மென்பொருளை ஓட்டினால் வேலை முடிந்தது.

## கணினி வேண்டாத பெட்டிகள்

திரையோடு வரும் பெட்டி. பிளேயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் மெமரி கார்டில் கோப்பு விழும். அப்பா அம்மா தாங்களாகவே செய்யட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் வழி, அந்த அளவில் நல்ல பொருள். படத்தை அழுத்திச் சுருக்கிவிடும், சரிசெய்ய எதையும் விட்டுவைக்காது. முக்கியமான கேசட்டை இதில் மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள்.

## ஆர்.எஃப். பதிவு

பிளேயரின் உட்புறத்தில், ஹெட்டிலிருந்து வரும் கச்சா சிக்னலை அப்படியே பதிவுசெய்து, மீதி வேலையைக் கணினியில் செய்யும் முறை. வி.எச்.எஸ்.-டிகோட் என்ற இலவசத் திட்டம் இதைச் செய்கிறது. டி.பி.சி. மென்பொருளிலேயே நடப்பதால், சாதாரணப் பிளேயரிலிருந்தே உயர்தரப் பிளேயருக்கு நிகரான படம் வரும். பிளேயரைத் திறந்து சாலிடர் வைக்கத் தெரிய வேண்டும், கோப்புகள் பெரியவை, மாற்ற நெடுநேரம் ஆகும். இறந்துபோன ஒருவரின் ஒரே அசையும் படம் அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது, மற்ற கருவிகளில் படம் நிற்கவே இல்லை என்றால் இந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

## ஸ்டுடியோவில் கொடுப்பது

ஐந்து கேசட்டுக்குக் குறைவு, வீட்டில் பிளேயர் இல்லை என்றால் இதுவே சிக்கனம். ஆனால் ஸ்டுடியோவிலும் பின்னால் இருப்பது அதே மலிவுக் குச்சியாக இருக்கலாம். அதனால் கேளுங்கள்: எந்தப் பிளேயரில் ஓட்டுகிறீர்கள்? டி.பி.சி. உண்டா? கோப்பு எந்த அளவில், எத்தனை ஜி.பி. வரும்? பூஞ்சை இருந்தால் சுத்தம் செய்துவிட்டு ஓட்டுவீர்களா? டி.வி.டி. வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கில் கோப்பாகவே வேண்டும் என்று சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு கேசட் கொடுத்து, ஐந்து நிமிட மாதிரி வாங்கிப் பாருங்கள்.

2000களிலேயே டி.வி.டி. போட்டுவிட்டோம் என்பவர்கள் அந்த டிஸ்கை இன்றே கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். எழுதப்பட்ட டி.வி.டி.களும் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகின்றன.

## வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை

பூஞ்சை இல்லாத, முக்கியமில்லாத ஒரு கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத் தாவலை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் அழியாது. ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள்.

மணமேடைத் தூண். அது செங்குத்து நேர்கோடு. பெரிதாக்கிப் பார்த்தால் அதன் விளிம்பு ரம்பம் போலப் பல் பல்லாக ஆடினால் வரிகள் நிலைக்கவில்லை; கருவியை மாற்றுவதை விட டி.பி.சி. பக்கம் யோசியுங்கள்.

மாப்பிள்ளை வேட்டி. லைட் பாய் பக்கத்தில் நின்று பிடித்த வெளிச்சத்தில் அது எப்படியும் பளிச்சென்றுதான் இருக்கும். அதே இடத்தைப் பழைய தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். அங்கே மடிப்பு தெரிந்து, கோப்பில் வெறும் வெள்ளையாக இருந்தால் கருவி வெளிச்சத்தை வெட்டுகிறது. பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட் அளவைக் குறைத்தும் சரியாகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தவில். கல்யாண கேசட்டில் பாதி நேரம் சினிமாப் பாட்டுதான் ஒட்டியிருப்பார்கள், அதை வைத்து ஒலி விலகலைக் கண்டுபிடிக்க முடியாது. முகூர்த்த நேரத்தில் பெரும்பாலும் அசல் ஒலியை விட்டிருப்பார்கள். கெட்டிமேளத்தில் குச்சி தோலில் படும் கணமும் சத்தமும் ஒன்றாக இருக்கின்றனவா? அதேபோல கேசட்டின் கடைசியில், வாழ்த்திப் பேசும் ஒருவரின் உதட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகினால் பெரும்பாலும் ஃபிரேம்கள் விடுபடுகின்றன என்று அர்த்தம்.

சோதனையில் தேறிய பிறகு பதிவைத் தொடங்குங்கள். பிளேயர் ஹெட்டை அவ்வப்போது துடைக்க வேண்டும். பஞ்சுக்குச்சி வேண்டாம், நார் மாட்டிக்கொள்ளும். மென்தோல் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஹெட் சுழலும் திசையிலேயே துடையுங்கள், மேலும் கீழுமாக அல்ல. டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரியும் கேசட்டைப் பிளேயரில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டுக்கு ஏறி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போகும். அவற்றைத் தனியே ஒரு பையில் எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பாதிப் படங்களை ஒட்டும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒரு நகலை மட்டும் கியூடிஜிஎம்சி என்ற இலவச மென்பொருள் கருவி மூலம் நொடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால் தாலி கட்டும் கைகளின் அசைவு தொலைக்காட்சியில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு வரும். அது கடினமாகத் தெரிந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் உள்ள பிடபிள்யூடிஃப் (Bwdif) பாப் முறையும் நன்றாகவே செய்கிறது. குடும்பத்துக்கு அனுப்ப அந்த நகல் போதும். யூடியூபில் ஏற்றினால் ஒட்டிய சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வரலாம், அதனால் டிரைவ் இணைப்பாகக் கொடுப்பது தொல்லை இல்லாதது. மூலக்கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.